கப்பல் பட்டியலில் இருக்கும் வட ஆற்காடு

தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பம் ஒன்று மூதாதையர் ஊரைத் தேடி வேலூர் வந்த செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்து நெகிழ்ந்தேன். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல், நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பனை அடைந்தது. அதிலும் அதற்குப் பின் சென்ற கப்பல்களிலும் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களில் நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தார் ஏராளம். கைக்குழந்தையோடு போன தாய்மாரும் உண்டு. அப்படிப் போனவர்களைப் பதிந்த கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், தாலுகா, ஊர் எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, ஆந்திரத்துச் சித்தூர் முதலிய மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. தேடி வருபவர் எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பார்?

சில ஆண்டுகளுக்கு முன் குடியாத்தம் பக்கம் எங்கள் தெருவுக்கே ஒரு தம்பதி அப்படி வந்தார்கள். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர் யாருக்கும் விளங்கவில்லை. கடைசியில் பழைய கர்ணம் (ஊர்க் கணக்கர்) வீட்டுப் பெரியவர்தான் அதை நாலு முறை வாய்விட்டுப் படித்து, எந்த ஊர் என்று சொன்னார். அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். அந்தக் கர்ணம் வீட்டுப் பெரியவரைப் போன்றவர்கள் இருக்கும்போதே, பட்டியலில் உள்ள ஊர்ப்பெயர்களை இன்றைய கிராமங்களோடு பொருத்தி ஒரு கையேடு தயாரித்து, வேலூர்க் கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் வைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், குடியாத்தம்