பொடி மருந்தும் சமையலறைக் கரண்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டிபயாட்டிக் பற்றித் தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள், பாதியில் நிறுத்தாதீர்கள் என்ற இரண்டு அறிவுரைகளோடு முடிந்துவிட்டது. இரண்டும் சரிதான். ஆனால் சீட்டைக் காட்டி முறையாக வாங்கிப் போகிறவர் வீட்டில் அந்த மருந்து என்ன பாடுபடுகிறது என்று யாரும் எழுதுவதில்லை. மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

குழந்தைகளுக்கு எழுதித் தரும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் மருந்து பாட்டிலில் பொடியாகத்தான் வரும். பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துவிட்டு, குறியிட்ட கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் விட்டுக் குலுக்க வேண்டும். நுரை அடங்கியபின் கோடு வரை நிரப்ப வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர், அல்லது பெட்டியிலேயே தண்ணீர்க் குப்பி இருந்தால் அது. பலர் நுரை கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிடுவார்கள், மருந்து அடர்த்தியாகிவிடும். சிலர் கழுத்து வரை ஊற்றி நீர்க்கச் செய்துவிடுவார்கள். ஒரு தாய் பொடியையே கரண்டியில் எடுத்துத் தேனில் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "கடையில யாரும் சொல்லலியே சார்" என்றார். அவரை எப்படிக் குறை சொல்வது?

கலக்கிய பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் ஏழு நாள்தான். அடுத்த மாதம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் அந்த மிச்சத்தை எடுக்கக் கூடாது. அளப்பதும் கூடவே வரும் மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோதான். வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு.

பெரியவர்கள் விஷயம் வேறு. சீட்டில் 1-1-1 என்றிருந்தால் காலை டிபன், மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். எட்டு மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று, மறுபடி எட்டு மணிக்கு ஒன்று. பிறகு விடியும்வரை பன்னிரண்டு மணி நேரம் இடைவெளி. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட வேண்டிய மாத்திரைக்குக் காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து என்று வைத்துக்கொள்வது எளிது.

அடுத்தது பால். வயிறு புண்ணாகும் என்று பாலோடு மாத்திரையை விழுங்க வைப்பது நம் வீடுகளில் பாசத்தின் அடையாளம். சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் சிப்ரோஃப்ளாக்சசின் பாலில் உள்ள கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பில் சேர வேண்டியது சேராது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் அப்படித்தான். அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்பே சிப்ரோவைப் போட்டுவிட வேண்டும். அவற்றைச் சாப்பிட்டுவிட்டால் ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். டாக்சிசைக்ளின் என்ற இன்னோர் ஆண்டிபயாட்டிக்கைப் போட்டதும் படுக்கவும் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீர் முழுதாகக் குடிக்காவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும்.

உடம்பில் தடிப்போ அரிப்போ வந்தால் அடுத்த வேளை போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். முகம் வீங்கினால், மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று ஏற்கெனவே தெரிந்தவர் சீட்டு எழுதும்போதே சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் சொல்லக் கடையில் இரண்டு நிமிடம் போதும். செஃபிக்சிம் போன்ற ஆண்டிபயாட்டிக் மருந்துகளை யாருக்கு விற்றோம் என்று பதிவேட்டில் எழுதும் எச்1 விதி 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளர் பார்ப்பார் என்பதால் அதைப் பெரும்பாலும் எழுதிவிடுகிறார்கள். நோயாளிக்கு விளக்கும் பொறுப்பை மருந்தாளுநருக்குத் தந்த விதிமுறைகளும் 2015-இலேயே வந்துவிட்டன. அதை யாரும் கேட்பதில்லை.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வாளர்கள் பதிவேட்டைப் புரட்டுவதோடு, கடையை விட்டு இறங்கும் ஒருவரை நிறுத்தி "எப்படிச் சாப்பிடச் சொன்னார்கள்?" என்று கேட்டுப் பார்க்கலாம். அதுவரை வாசகர்கள் பொடி மருந்தைக் கடையிலேயே கலக்கி, தேதியை பாட்டிலில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
கும்பகோணம்.