ஜூன் 23 மாலைக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்பிற்குரிய பெற்றோர்க்கும் பெரம்பூர் வட்டார நண்பர்களுக்கும் வணக்கம்.

கடந்த ஜூன் 23 அன்று எங்கள் சிறுவர் கால்பந்துக் குழு நடத்திய இந்தியக் கால்பந்து வீரரும் பயிற்சியாளருமான பி.கே.பானர்ஜியின் பிறந்தநாள் நினைவு மாலை உங்கள் எல்லோருடைய ஒத்தாசையாலும் நல்லபடியாக நடந்தேறியது. உதவியவர்களின் வீடுதேடி வந்து நன்றி சொல்வதுதான் முறை. வேலைக்கும் பயிற்சிக்கும் இடையில் அது கைகூடாததால் இம்மடலை எழுதுகிறேன்.

பெரம்பூரில் எதற்கு ஒரு வங்காளியின் பிறந்தநாள் என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அந்த நாளைச் சிறுவர் கால்பந்துக்குரிய நாளாக அறிவித்திருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவர் ரயில்வேக்காரர். 1936-ல் ஜல்பைகுரியில் பிறந்த அவர், 1955 முதல் ஆடி முடிக்கும்வரை ஈஸ்டர்ன் ரயில்வே அணியிலேயே இருந்தார். கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளான மோகன் பகானுக்கோ ஈஸ்ட் பெங்காலுக்கோ அவர் ஒருநாளும் ஆடியதில்லை. 1958-ல் கொல்கத்தா லீக் கோப்பையை அந்த ரயில்வே அணியே வென்றது. அதன்பிறகு இவ்விரண்டும் முகமதன் ஸ்போர்ட்டிங்குமாகிய மூன்று பெரிய கிளப்புகளைத் தவிர்த்து வேறோர் அணி அதை வெல்ல 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்டவாளச் சத்தத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மூன்றாவது காரணம் என் சொந்தக் காரணம். நானும் முன்களத்தில் ஆடி, முழங்கால் போனபின் பயிற்சிக்கு வந்தவன். கோல் போடுகிறவனுக்கு எல்லாம் காலிலேயே இருக்கும்; அதை இன்னொருவனுக்குக் கொடுக்க வேண்டிய நாள் வரும்போதுதான் வாயில் சொல் இல்லை என்பது தெரியும். காயத்தால் 1967-ல் ஆட்டத்தை விட்ட பானர்ஜி, பயிற்சியாளராகி ஆட்டத்துக்குமுன் வீரர்களிடம் பேசிய பேச்சுக்குக் கொல்கத்தாவில் 'வோக்கல் டானிக்' (பேச்சாலேயே ஊட்டும் தெம்பு மருந்து) என்றே பெயர் வழங்கிற்று. ஆசிய விளையாட்டுத் தங்கத்தையும் ரோம் ஒலிம்பிக்கில் அணித்தலைவராக பிரான்சுக்கு எதிராகப் போட்ட கோலையும்விட, அந்தப் பேச்சைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

முதல் நன்றி, கொல்கத்தாவில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வுபெற்று இப்போது நம் பகுதியில் வசிக்கும் அந்த ஐயாவுக்கு உரியது. வாடகைக்குச் சொல்லியிருந்த புரொஜெக்டர் கடைசி நேரத்தில் வரவில்லை. நாற்பத்திரண்டு பிள்ளைகள் தரையில் அமர்ந்திருக்க, நான் செய்வதறியாது நின்றபோது, ஐயா எழுந்து டீக்கடையிலிருந்து பதினொரு கண்ணாடி டம்ளர்களை வாங்கிவரச் சொல்லி, சிமென்ட் திண்ணையில் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் ஆடிய இந்திய அணியை அடுக்கத் தொடங்கினார். கோலில் நின்றது பீட்டர் தங்கராஜ். வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு ஆடி டுராண்ட் கோப்பை வென்ற அதே தங்கராஜ். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து, மெல்ல நகர்த்தி, முன்வரிசையில் வைத்தார். அதுதான் ஜர்னைல் சிங். தாய்லாந்துடனான ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்ட அந்தத் தடுப்பாட்டக்காரரைப் பயிற்சியாளர் ரஹீம் முன்களத்துக்கு மாற்றினார்; அரையிறுதியிலும் இறுதியிலும் அவர் கோல் போட்டார். முதல் ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்திருந்த தென்கொரியாவை இறுதியில் 2-1 என்று வென்றபோது, ஒரு கோல் பானர்ஜியுடையது, மற்றொன்று ஜர்னைல் சிங்குடையது.

"தையலோட ஆடினா வலிக்காதா தாத்தா?" என்று எங்கள் தடுப்பாட்டச் சிறுவன் ஒருவன் கேட்டான். ஐயா சற்று யோசித்து, "வலிச்சிருக்கும்பா. இல்லேன்னு சொன்னா பொய்" என்றார். வீரதீரம் பேசாத அந்த ஒரு பதிலுக்கே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதன்பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். 1977 செப்டம்பர் 24, ஈடன் கார்டன்ஸ். மோகன் பகானுக்கும் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மோஸுக்கும் நடந்த ஆட்டத்தின் நுழைவுச்சீட்டு. மடிப்புகளில் மை போய், எண்கள் பாதி அழிந்திருந்தன. பிள்ளைகள் அதைக் கையில் பிடிக்கக்கூட அஞ்சி, விரித்த உள்ளங்கையில் வைத்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள். மழையில் ஊறிய மைதானத்தில் பெலேயை மோகன் பகானின் கௌதம் சர்க்கார் நிழல்போல் தொடர்ந்ததையும், ஆட்டம் 2-2 என்று முடிந்ததையும் அவர் சொல்லக் கேட்டோம். அன்று மோகன் பகானின் பயிற்சியாளர் பானர்ஜி. அதற்கு இரண்டே ஆண்டுகள் முன்பு, 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கொல்கத்தாக் கால்பந்துப் போட்டியின் இறுதியில், இதே மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று வீழ்த்தியபோது, வென்ற அணியின் பயிற்சியாளரும் அவரே. வீரராக இரண்டு கிளப்பையும் தொடாதவர், பயிற்சியாளராக இரண்டுக்கும் உச்சத்தைக் காட்டினார்.

டம்ளர் தந்ததோடு, ஐம்பது டீக்கும் காசு வாங்க மறுத்த கடைக்காரர் அண்ணனுக்கு நன்றி. ஓர் அடுப்பில் இரண்டு குக்கர் சுண்டல் அவித்துத் தந்த அம்மாமார் மூவருக்கும், வெயில் தாழ்வதற்குள் சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்த மூத்த பிள்ளைகளுக்கும் நன்றி. மெட்ரோ ரயில் பணிக்காக இங்கு வந்து தங்கியிருக்கும் வங்காளத் தம்பி, வேலை முடிந்த களைப்போடு வந்து, ஐயா சேர்த்து வைத்திருந்த பழைய பத்திரிகைத் துணுக்குகளைப் படித்து, தனக்குத் தெரிந்த தமிழில் பொருள் சொன்னார். ஓரிடத்தில் அவருக்குத் தொண்டை அடைத்து, படிப்பதை நிறுத்திவிட்டார். அது 2020 மார்ச் 20 அன்று பானர்ஜி மறைந்த செய்தி. பக்கத்திலிருந்த சிறுவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவ்விருவருக்கும் என் நன்றி.

ஐயா, தங்களுக்கு ஒரு செய்தி. அன்று தாங்கள் விட்டுச்சென்ற குடை எங்கள் பந்து அறையில் பத்திரமாக இருக்கிறது; ஞாயிறு காலை பயிற்சி முடிந்ததும் நானே கொண்டுவந்து தருகிறேன். 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியை, கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்திருக்க மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா வீரர்களை வைர வடிவில் நிறுத்திய வியூகத்தைப் பானர்ஜியின் ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று உடைத்த கதையை, இருட்டிவிட்டதால் தாங்கள் பாதியில் நிறுத்தினீர்கள். ஈஸ்ட் பெங்காலின் பூட்டியா மூன்று கோல் போட்டதுவரை சொல்லிவிட்டீர்கள். ஆட்டத்துக்குமுன் பானர்ஜி வீரர்களிடம் என்ன பேசியிருப்பார் என்று பிள்ளைகள் என்னைத் துளைத்துக்கொண்டிருக்கிறார்கள். தங்களுக்கு உடம்பு முடியுமானால், குடையோடு அவர்களையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
சிறுவர் கால்பந்துக் குழுவின் பயிற்சியாளர்