காசாபிளாங்காவில் விடுபட்ட முகங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, 'காசாபிளாங்கா' என்ற ஹாலிவுட் படம் உருவான கதையைப் படித்தேன். ஹம்ப்ரி போகார்ட், இங்க்ரிட் பெர்க்மன் ஜோடி பற்றியும், படப்பிடிப்பு நடக்கும்போதே திரைக்கதையும் எழுதப்பட்டது பற்றியும் கட்டுரையாளர் சுவைபடச் சொல்லியிருக்கிறார். ஆனால் அதில் நடித்த அகதிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் அவர்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

1942 மே மாதம் வார்னர் பிரதர்ஸ் இந்தப் படத்தைத் தொடங்கியபோது, பாரிஸ் நாஜிகள் கையில் விழுந்து இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. போகார்ட் நடித்த ரிக்கின் விடுதியில் வரும் சூதாட்டக் காட்சியை நினைத்துப் பாருங்கள். பல்கேரியாவிலிருந்து மனைவியோடு தப்பிவந்த இளைஞன் கைக்காசை இழந்து நிற்கிறான். 22-ஆம் எண்ணில் பணம் கட்டச் சொல்கிறார் ரிக். சக்கரத்தைச் சுழற்றுபவர் மார்செல் டாலியோ. பிரெஞ்சு சினிமாவில் பெரிய நடிகர், யூதர். யூதனின் முகம் இப்படித்தான் இருக்கும் என்று காட்ட, அவருடைய படத்தைப் போட்டே நாஜிகள் சுவரொட்டி ஒட்டினார்கள். அப்படிப்பட்டவருக்கு ஹாலிவுட்டில் கிடைத்தது, டைட்டிலில் பெயர்கூட வராத வேடம். எதிரே பணம் கட்டும் இளைஞனாக நடித்த ஹெல்மட் டான்டைன், வியன்னாவில் நாஜிகளை எதிர்த்ததற்காக முகாமில் அடைக்கப்பட்டவர்.

ஜெர்மன் அதிகாரிகளின் பாட்டை அமுக்கிக்கொண்டு பிரெஞ்சு தேசிய கீதம் எழும் காட்சியில், குளோசப்பில் அழுதபடி பாடும் பெண் மடலேன் லெபோ. டாலியோவின் மனைவி, அவரோடு பாரிஸைவிட்டு ஓடிவந்தவர். அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. அந்தக் கண்ணீருக்குக் கிளிசரின் தேவைப்பட்டிருக்காது.

நாஜி மேஜர் ஸ்ட்ராசராக மிரட்டும் கான்ராட் வைட் கதை இன்னும் கனமானது. ஜெர்மனியின் புகழ்பெற்ற நட்சத்திரம். மனைவி யூதப் பெண். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-லேயே நாட்டைவிட்டு வெளியேறினார். தன்னைத் துரத்தியவர்களின் சீருடையையே போட்டுக்கொண்டு நடிக்க வேண்டியதாயிற்று. 1943 ஏப்ரலில் மாரடைப்பில் இறந்துபோனார். ஹிட்லரின் வீழ்ச்சியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

வெளியீட்டை 'அதிர்ஷ்டம்' என்று கட்டுரை முடித்துவிடுகிறது. 1942 நவம்பர் 8 அன்று நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின. கதை நடக்கும் மொராக்கோ நகரமான காசாபிளாங்காவின் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்ட சூட்டிலேயே, நவம்பர் 26 அன்று நியூயார்க்கில் படத்தைத் திரையிட்டது ஸ்டுடியோ. அதை வியாபார சாமர்த்தியம் என்பதே சரி. அடுத்த ஜனவரியில் படம் பரவலாக வெளியானபோது ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அதே காசாபிளாங்காவில் கூடிப் பேசிக்கொண்டிருந்தது வேண்டுமானால் அதிர்ஷ்டம்.

கட்டுரையில் இடம்பெற்றிருக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. 1952-இல் மேற்கு ஜெர்மனியில் வெளியான பிரதியில் ஸ்ட்ராசர் பாத்திரத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள். தேசிய கீதக் காட்சியும் போயிற்று. நாஜி எதிர்ப்புப் போராளி லாஸ்லோ, நார்வே விஞ்ஞானியாக மாற்றப்பட்டார். உயிருக்குப் பயந்து ஓடிய வைட்டை, இறந்த பிறகு படத்திலிருந்தும் துரத்தினார்கள். முழுப் படத்தையும் ஜெர்மன் மொழியில் பார்க்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மடலேன் லெபோ 2016 வரை வாழ்ந்தார். அவரைப் பற்றியும் டாலியோ, டான்டைன், வைட் பற்றியும் விரிவான கட்டுரை ஒன்றை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நீண்டநாள் வாசகி,
கும்பகோணம்