பைக் தொல்லை தணிய உதவியவர்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய குடியிருப்போருக்கும், நமக்குத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

சைலன்சரின் உட்குழாயைக் கழற்றிவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டும், முன்சக்கரத்தைத் தூக்கி வீலிங் செய்துகொண்டும் நம் உள்தெருக்களில் இரவு நேரத்தில் பைக்குகள் சுற்றிவந்த நிலை ஏறத்தாழ முடிவுக்கு வந்திருக்கிறது. வந்த 3 வண்டிகளில் ஒன்று இன்னும் எப்போதாவது தலைகாட்டுவதால்தான் ‘ஏறத்தாழ’ என்று எழுதுகிறேன். அதற்காக நன்றி சொல்வதைத் தள்ளிப்போட மனமில்லை.

முதல் நன்றி முனைவீட்டுப் பெரியவருக்கு உரியது. சங்கக் கூட்டத்தில் நாங்கள் “தினமும் இதே தொல்லை” என்று குரலை உயர்த்திக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி, நேரம், வண்டியின் நிறம், வந்த வழி, போன வழி, தெரிந்தால் பதிவெண் எனக் கட்டம் கட்டி 6 வாரங்கள் குறித்துவைத்தார். தெரியாத இடத்தை ஊகத்தால் நிரப்பாமல் சிறு கோடு மட்டும் இழுத்திருந்தார். காவல் நிலையத்தில் அந்த நோட்டை நம்பியதற்கு அந்தக் கோடுகளே காரணம் என்று நினைக்கிறேன். ‘தினமும்’ என்று நாங்கள் சொன்னது உண்மையில் வெள்ளி, சனி இரவுகளில், பின்வாயிலை ஒட்டிய நடைபாதை வழியாகவே நடந்தது என்பதும் அதிலிருந்துதான் தெரிந்தது.

கோரிக்கை மனுவை எழுதித் தந்த ஆசிரியைக்கும் நன்றி. எங்கள் வரைவிலிருந்த வசைச் சொற்களையெல்லாம் அடித்துவிட்டு, சாலைப் போக்குவரத்தின் இரவு நேரச் சராசரி ஒலி 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் பரிந்துரைத்ததை அவர் சேர்த்தார். சராசரி அந்த அளவுக்குள் இருந்தாலும், ஒரே ஒரு உறுமல் தெரு முழுவதையும் எழுப்பிவிடும் என்ற வரியும் அவருடையதே.

காவல் துறையினர் அந்த நோட்டைப் படித்து, குறித்த இரவுகளில் வந்து நின்றார்கள். துரத்திப் பிடிக்கவில்லையே என்று குறைபட்டவர்களில் நானும் ஒருவன். 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்து நிற்க ஆகும் தூரம் நான்கு மடங்காகும். ஆள் நடமாட்டமுள்ள குறுகிய தெருவில் துரத்தினால் தொல்லை விபத்தாக மாறும் என்று அவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். பதிவெண்ணைக் கொண்டு வீடுகளைக் கண்டறிந்து, பெற்றோரை வைத்துக்கொண்டு பேசியதுதான் பலன் தந்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பே, பொறுமை இழந்த ஓர் இரவில், அந்த நடைபாதையின் குறுக்கே நைலான் கயிறு கட்டினோம். எங்களுள் யாரையும்விட அதிகமாகத் தூக்கம் இழந்தவர், இரவுப் பணி முடித்துத் திரும்பும் செவிலியர் ஒருவர். அவர்தான் அதை அவிழ்த்துச் சுருட்டி என் கையில் கொடுத்து, “இது கழுத்து உயரத்தில் இருக்கிறது” என்று மட்டும் சொன்னார். அன்றிரவு அந்த வழியாக வண்டி எதுவும் வந்திருக்கவில்லை. நாங்கள் செய்யவிருந்த பெரும் பிழையிலிருந்து எங்களைக் காத்த அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

கயிற்றுக்குப் பதிலாக இன்று அங்கே முன்னும் பின்னுமாக இரண்டு இரும்புத் தடுப்புகள் இருக்கின்றன. பைக்கில் வருபவர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக முடியும். இத்தகைய தடுப்புகள் பைக்கை நிறுத்துகிறேன் என்று சக்கர நாற்காலியையும் நிறுத்திவிடுவது வழக்கம். அதனால் வெல்டிங் வைக்கும் முன் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் தம் சக்கர நாற்காலியுடன் மூன்று முறை வந்து, சுண்ணக்கட்டியால் வரைந்த இடைவெளியில் திரும்பிப் பார்த்து, “இன்னும் ஒரு சாண் வேண்டும்” என்று கேட்டு வாங்கினார்.

கூலி வாங்காமல் இரண்டு வண்டிகளிலும் உட்குழாயை மீண்டும் பொருத்தித் தந்த மெக்கானிக்குக்கும் நன்றி. அதைக் கழற்றினால் இழுவை தானாகக் கூடிவிடாது, சத்தம்தான் கூடும் என்று அவர் சொன்னதை அந்த இளைஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நாங்கள் சொன்னபோது ஏற்கவில்லை! டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும், காதுக்கு ஏறக்குறைய இருமடங்காகக் கேட்கும் என்பதையும் அவர்தான் எடுத்துச் சொன்னார். வண்டியைச் சரிசெய்துகொண்டதோடு, மூன்றாவது நண்பரிடமும் பேசிவரும் அந்த இரு இளைஞர்களுக்கும் சங்கத்தின் நன்றி உரியது.

நோட்டைப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மீதமிருந்த பக்கங்களில் அவர் தம் மாத்திரை வேளைகளைக் குறித்துவருகிறார்.

நன்றியுடன்,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்