மூலப்பத்திரத்தில் ஒரு வரி

அன்பு மகளுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் பாதியில் நின்ற பேச்சை முடிக்கத்தான் இதை எழுதுகிறேன். போனில் எனக்குக் கோவையாகப் பேச வராது. 34 வருஷம் பத்திரம் எழுதிய கை, எழுதினால்தான் வரிசையாக வரும்.

"அப்பா, வீட்டோட பழைய பத்திர நகல் குடுத்தாங்க. அதுல வெள்ளைக்காரங்க மட்டும்தான் குடியிருக்கணும்னு ஒரு வரி இருக்கு. இப்ப அது செல்லாதுன்னு மேல ஒரு தாள் வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். பழங்காலத்துக் குப்பை என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை கண்ணு. அன்று ராத்திரி தூக்கமும் வரவில்லை. மறுநாள் உன் தம்பியிடம் சொல்லி, அந்த ஊர்ப் பத்திரங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் அச்செடுத்துத் தரச் சொன்னேன். பத்து நாளாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

படிக்கப் படிக்க ஒரு வக்கீலின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. லோரன் மில்லர். நீ இருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்தான். செத்துப்போய் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. உன் பத்திரத்தின் மேல் "செல்லாது" என்று ஒரு தாள் இருப்பதற்குக் காரணமானவர்களில் அவர் முக்கியமானவர். அவரைத் தெரியாமல் நீ அந்த வீட்டில் பால் காய்ச்சக் கூடாது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

முதலில் அந்த வரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது என் தொழில். யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று இனம் பார்த்துப் பிரித்து நகரசபைகளே அங்கே சட்டம் போட்டிருந்தன. 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படிச் சட்டம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதோடு தீர்ந்தது என்று நினைப்பாய். அரசாங்கம் செய்யக் கூடாததைத் தனி ஆட்கள் பத்திரத்தில் எழுதிக்கொண்டார்கள். தெருவில் உள்ள வீட்டுக்காரர்கள் ஒன்றுகூடிக் கையெழுத்துப் போடுவார்கள்: இந்த மனையை வெள்ளையர் அல்லாதவருக்கு விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், குடியிருக்க விட மாட்டோம். இன்று விற்றவனோடு அது முடியாது. வாங்கியவனையும், அவனிடம் வாங்கியவனையும் கட்டும். நிலத்தை விட்டுப் போகாத வில்லங்கம் அது. 1926இல் இதுபோன்ற ஒரு பத்திரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அது தனியார் ஒப்பந்தம், எங்களுக்கு வேலையில்லை என்று தள்ளிவிட்டார்கள். பிறகு கேட்கவா வேண்டும். புதிதாகப் போடும் மனைப்பிரிவுகளில் எல்லாம் அந்த வரி ஏறிவிட்டது. வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தந்த மத்திய அரசு அலுவலகமே அப்படி எழுதச் சொல்லிச் சிபாரிசு செய்தது.

பல பத்திரங்களில் ஒரு விலக்கும் சேர்த்திருந்தார்கள்: வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் தங்கலாம். இதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். நம்மையும் சேர்த்துத்தான் அந்த வரி. பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபிக்காரர் குடியுரிமைக்காகப் போராடியபோது, இந்தியர் "வெள்ளையர்" என்ற சொல்லுக்குள் வரமாட்டார்கள் என்று 1923இல் அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. நீ இன்று சாவி வாங்கியிருக்கும் வீட்டில் அன்றைக்கு நீ சமையல்காரியாகத்தான் படுத்து எழுந்திருக்க முடியும்.

மில்லர் 1903இல் நெப்ராஸ்காவில் பெண்டர் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா அடிமையாகப் பிறந்த கறுப்பர், அம்மா வெள்ளைக்காரப் பெண். கான்சாஸில் சட்டம் படித்து 1928இல் பட்டம் வாங்கினார். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்த புதிதில் வக்கீல் தொழிலைவிடப் பத்திரிகையில் எழுதுவதில்தான் அதிகம் இருந்திருக்கிறார். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸோடு 1932இல் சோவியத் ரஷ்யாவுக்கு ஒரு படம் எடுக்கப் போன குழுவில் இவரும் ஒருவர். படம் நடக்கவில்லை. திரும்பி வந்து கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டவர், வீட்டு வழக்குகளுக்குள் போனதும் வெளியே வரவே இல்லை.

அந்தக் காலத்து லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கறுப்பினக் குடும்பம், தாங்கள் காசு கொடுத்து வாங்கிய சொந்த வீட்டைக் காலி செய்ய மறுத்ததற்காகச் சிறைக்குப் போயிருக்கிறது, 1945இல். வாடகைப் பாக்கிக்காக இல்லை, கடனுக்காக இல்லை. சொந்த வீட்டில் படுத்து எழுந்ததற்காக.

அதே வருஷம் மில்லர் எடுத்து நடத்தியதுதான் "சுகர் ஹில்" வழக்கு. வெஸ்ட் ஆடம்ஸ் ஹைட்ஸ் என்ற பகுதியில் பெரிய பெரிய வீடுகளைக் கறுப்பின நடிகர்களும் டாக்டர்களும் வியாபாரிகளும் வாங்கியிருந்தார்கள். அவர்களில் ஹாட்டி மெக்டேனியலும் ஒருவர். 1940இல் ஆஸ்கர் பரிசு வாங்கினாரே, அந்தப் பரிசை வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர். பரிசு கொடுத்த ஊரிலேயே அவரை வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டும் என்று அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். நீதிபதி தர்மண்ட் கிளார்க் மேஜையில் இருந்த பத்திரங்களை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடவில்லை. நேரில் போய் அந்தத் தெருக்களைப் பார்த்தார். மறுநாள் காலை வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார். அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம் தரும் சம உரிமையைச் சாக்குப்போக்குச் சொல்லித் தட்டிக்கழித்தது போதும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். மில்லர் வாதத்தை அந்தத் திருத்தத்தின் மேல்தான் நிறுத்தியிருந்தார்.

இப்போது எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். செயின்ட் லூயிஸில் ஒரு தெருவில் 39 வீட்டுக்காரர்களில் 30 பேர் 1911இல் கையெழுத்துப் போட்ட பத்திரம், 50 வருஷக் கெடு. அந்தத் தெருவில் 1945இல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் வீடு வாங்கியது. அந்தப் பத்திரத்தைக் காட்டி அவர்களை வெளியேற்றச் சொல்லி அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். டெட்ராய்ட்டில் மெகீ என்ற குடும்பத்துக்கும் அதே கதி. தலைநகர் வாஷிங்டனில் இன்னும் சில குடும்பங்கள். எல்லாம் சேர்ந்து 1948 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. ஷெல்லிக்காக ஜார்ஜ் வான், வாஷிங்டன் வழக்குகளுக்காக சார்ல்ஸ் ஹூஸ்டன், டெட்ராய்ட் வழக்கில் தர்குட் மார்ஷலும் நம் லோரன் மில்லரும். 9 நீதிபதிகளில் 3 பேர் விலகிக்கொண்டார்கள், 6 பேர்தான் உட்கார்ந்தார்கள்.

அவர்கள் வாதத்தின் கூர்மையை என் தொழில்காரன் யாரிடம் சொன்னாலும் எழுந்து நிற்பான். எழுதியது தனி ஆளாகவே இருக்கட்டும். அதை நடத்திவைப்பது யார்? பத்திரத்துக்கு உயிர் முத்திரைத்தாளில் இல்லை, மையில் இல்லை. கோர்ட் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அமீனா வந்து கதவைத் தட்டுகிறானே, அங்கேதான் இருக்கிறது. கோர்ட் என்றால் அரசாங்கம். இனம் பார்த்து ஒருவரை வெளியேற்ற அரசாங்கம் கை நீட்டக் கூடாது என்று 14ஆவது திருத்தம் சொல்கிறது. ஆகவே அந்த வரியை எந்தக் கோர்ட்டும் நிறைவேற்ற முடியாது. 1948 மே 3ஆம் தேதி 6 பேரும் ஒரே குரலில் அப்படித்தான் தீர்ப்பளித்தார்கள். வரியை அழிக்கச் சொல்லவில்லை கவனி. வரி இருந்த இடத்திலேயே இருந்தது, உயிர் போய்விட்டது. அதனால்தான் இன்றும் அது உன் கண்ணில் பட்டது.

கெட்டிக்காரர்கள் உடனே வேறு வழி கண்டுபிடித்தார்கள். கறுப்பரை வெளியேற்ற முடியாதா, சரி, அவருக்கு விற்ற வெள்ளைக்காரர் மேல் நஷ்டஈடு வழக்குப் போடுவோம். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெண்மணி மேல் அப்படிப் போட்டார்கள். அந்த வழக்கு ஜெயித்திருந்தால் பயந்துகொண்டே ஒருவரும் விற்றிருக்க மாட்டார்கள், 1948 தீர்ப்பு ஏட்டுச் சுரைக்காய் ஆகியிருக்கும். மில்லர் அந்த வெள்ளைக்காரப் பெண்மணிக்காக உச்ச நீதிமன்றம் போனார். 1953இல் 6க்கு 1 என்று ஜெயித்தார். எதிர்த்து எழுதிய அந்த ஒருவர் யார் தெரியுமா? 1948 தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வின்சனேதான். முன்வாசலைப் பூட்டியவரே பின்வாசலைத் திறந்துவைக்கப் பார்த்தார், மில்லர் போய்ச் சாத்தினார். பெரிய தீர்ப்பு வந்த அன்று எல்லோரும் இருப்பார்கள். 5 வருஷம் கழித்து மிச்சத்தை முடிக்க வந்து நிற்கிறாரே, அங்கேதான் அவர் என் மனதில் உயர்ந்துவிட்டார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1951இல் 'கலிபோர்னியா ஈகிள்' பத்திரிகையை விலைக்கு வாங்கி நடத்தினார். 1964இல் லாஸ் ஏஞ்சல்ஸ் முனிசிபல் கோர்ட் நீதிபதியானார். அதே 1964 நவம்பரில் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப்போட்டு, வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் மறுக்கலாம் என்று மாநில அரசியல் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். 20 வருஷ உழைப்பைத் தன் ஊர்க்காரர்களே ஓட்டுப்பெட்டியில் போட்டுப் புதைப்பதைப் பார்க்க அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும். 1967 மே 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. மில்லர் அதைப் பார்த்துவிட்டார். ஆறு வாரம் கழித்து, ஜூலை 14ஆம் தேதி, 64ஆவது வயதில் காலமானார். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்ப்பதையே தடுத்த மத்திய அரசுச் சட்டம் 1968 ஏப்ரலில்தான் வந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

இன்னொன்று. நீ வேலைக்குப் போகும்போது ஏறுகிறாயே பத்தாம் எண் விரைவுச்சாலை, அது சுகர் ஹில்லைப் பிளந்துகொண்டுதான் போகிறது. 1960களில் சாலை வந்தபோது அந்தப் பகுதியில் பல வீடுகள் இடிபட்டன. கோர்ட்டில் ஜெயித்துக் காப்பாற்றிய வீடுகள் கண்ணு. நாளைக்கு அந்த வழியாகப் போகும்போது ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்.

இவ்வளவு தூரம் தேடிப் படிக்க வேண்டிய கட்டாயம் எனக்கு என்ன என்று கேட்பாய். உன் அம்மாவிடம்கூட நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது.

நீ நான்காம் வகுப்புப் படிக்கும்போது. என் வாடிக்கைக்காரர் ஒருவர் தன் மாடி வீட்டை வாடகைக்கு விட இருந்தார். வந்தவர் இளம் வாத்தியார். ஒப்பந்தம் எழுத முத்திரைத்தாளைத் தன் பெயரிலேயே வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அதற்கு முந்தின நாள் வீட்டுக்காரர் என்னிடம், "என்ன ஆளுங்கன்னு பக்குவமா கேட்டுடுங்க" என்று சொல்லியிருந்தார். நான் பக்குவமாகத்தான் கேட்டேன். "சாருக்கு ஊர்ல எந்தத் தெரு?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கேட்பது என்ன என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்லவில்லை. தெருவின் பெயரைத் தெளிவாகச் சொன்னார். நான் பேனாவை மூடிவிட்டு, வீட்டுக்காரர் சொந்தத்தில் யாரோ வருகிறார்களாம், வீடு தருவதற்கில்லை போலிருக்கிறது என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். முத்திரைத்தாளை எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஒரு எழுத்துகூட எழுதாத வெற்றுத் தாள். மில்லரைப் பற்றிப் படித்த இந்தப் பத்து நாளில் அதை மூன்று தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். அந்த ஊரில் அநியாயத்தை எழுதிவைத்தார்கள். எழுதியதால் ஒரு வக்கீல் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய், இதோ பாருங்கள் என்று நீதிபதி முன் வைக்க முடிந்தது. நான் எதையும் எழுதவில்லை. ஒரே ஒரு கேள்வி, அதுவும் மரியாதையாக. அந்த வாத்தியாருக்காக எந்த வக்கீல் வந்திருந்தாலும் கோர்ட்டில் எதைக் காட்டியிருப்பார்?

உன் மனம் கஷ்டப்படட்டும் என்று இதைச் சொல்லவில்லை. வேறு யாரிடம் சொல்வேன்.

2021இல் கலிபோர்னியா போட்ட ஒரு சட்டப்படி, இந்த மாதிரி வரிகளைத் தேடி மறைக்கும் வேலையைப் பதிவு அலுவலகங்களே செய்ய வேண்டுமாம். வீட்டுக்காரர் கேட்டாலும் செய்து தருவார்களாம். நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவு பண்ணுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். மறைப்பதாக இருந்தால் அதற்கு முன் அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. மேலே வைத்திருக்கும் தாள் வேண்டாம், அடியில் இருக்கும் அசல் பக்கம். கையால் எழுதியதா, தட்டச்சா என்று பார்க்க வேண்டும். அந்த வரியை எழுதியபோது அவன் கை எங்கேயாவது தயங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குழந்தைக்கு என் முத்தம்.

அன்புடன்,
அப்பா