குஞ்சு பறக்கும் வரை கோடரியை நிறுத்துங்கள்

எங்கள் கண்மாய்க் கருவை மரங்களை ஏலம் விட்ட அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஏலம் என்றைக்கு நடந்தது, யார் எடுத்தது, எவ்வளவுக்குப் போனது என்பதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கும். அதில் எழுதாமல் விட்டதைச் சொல்கிறேன்.

தை மாதக் கடைசியில் மேற்கு ஓரம் தண்ணீர் வற்றியதும் மரம் அறுக்கும் மெஷினோடு ஆட்கள் இறங்கினார்கள். கூடு இல்லாத மரம் அங்கே ஒன்றுகூட இல்லை. வக்கா என்கிற இராக்கொக்கு, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம் என்று கிளைக்குக் கிளை குஞ்சுகள். முதல் மரம் சாய்ந்தபோது நான் மடையடியில் நின்றேன். விழுந்த குஞ்சுகளுக்கு இறகு முளைக்கும் இடத்தில் நீலக் குருத்துதான் இருந்தது. பாதி சேற்றிலேயே செத்தது. மீதியை நாயும் காக்கையும் பார்த்துக்கொண்டன. தாய்ப்பறவைகள் பொழுது சாயும்வரை மரம் இருந்த வெற்றிடத்தையே சுற்றின. என் பேத்தி அவளுடைய அப்பத்தா வெற்றிலை வைக்கும் ஓலைக் கொட்டானை எடுத்துக்கொண்டு ஓடிவந்து பதினோரு குஞ்சுகளைப் பொறுக்கினாள். கெண்டைப் பொடியை நறுக்கி ஊட்டிப் பார்த்தோம். வாரக் கடைசியில் மிஞ்சியது மூன்று.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கிடைத்த பதில் இரண்டு. இது சரணாலயம் இல்லை. அது அழியும் பட்டியலில் உள்ள பறவையும் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னார்கள், அதில் குறை இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். ஏலத்தை ரத்து செய்யச் சொல்லவில்லை. வடக்குக் கரையில் மிச்சமிருக்கும் மரங்களைக் குஞ்சுகள் பறக்கும் வரை, அதாவது பங்குனி முடியும் வரை, வெட்டாதீர்கள்.

பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழியும் நிலையில் உள்ள உயிர்களை உலக அளவில் குறித்துவைக்கும் சிவப்புப் பட்டியல் 1964இலிருந்து இருக்கிறது, நல்ல காரியம்தான். ஆனால் அது உடம்புச் சூடு பார்க்கிற கருவி மாதிரி. காய்ச்சல் ஏறுகிற வரை சும்மா இருக்கலாம் என்று அதில் எழுதியிருக்கவில்லை. வெண்முதுகுப் பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு 1980களில் இந்த நாட்டில் எண்ணி முடியாத அளவு இருந்தது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து ஊசி, அந்த மாட்டுப் பிணத்தைத் தின்ற பாறுகளைக் கொன்றது. 2006இல் மருந்தைத் தடை செய்வதற்குள் நூற்றுக்கு ஒன்று தேறுவதே கடினமாகிவிட்டது. இப்போது அது பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. எங்கள் வக்காவுக்கும் அந்தப் பாக்கியம் வரட்டும் என்று காத்திருக்கிறீர்களா?

சரணாலயக் கணக்கும் அப்படித்தான். பக்கத்தில் வேட்டங்குடியை 1977இல் சரணாலயமாக்கினார்கள். பரப்பு 38.4 ஹெக்டேர். அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுக்கிறது. ரொம்ப சந்தோஷம். ஆனால் பறவைக்கு எல்லைக்கல் தெரியுமா? வேட்டங்குடியில் தண்ணீர் குறைந்த வருஷம் எங்கள் கண்மாய்க்கு வரும். எங்கள் கண்மாய் வற்றினால் அடுத்த ஊருக்குப் போகும். 2022 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியாலில் உலக நாடுகள் கூடி, 2030க்குள் நிலத்திலும் கடலிலும் நூற்றுக்கு முப்பது பங்கைக் காப்போம் என்று ஒப்புக்கொண்டன. சரணாலயம் என்று அறிவிக்காத இடமானாலும், காப்பது உண்மையாக நடந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமாம். அப்படிப் பார்த்தால் ஒரு பைசா செலவில்லாமல் எங்கள் கண்மாயை உங்கள் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம், மரம் நின்றால்.

செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூணைப் படம் எடுக்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். பர்மாவிலிருந்து வந்த தேக்குக்குப் பாரம்பரியம் என்று பெயர். உள்ளூர்க் கருவைக்கு விறகு என்று பெயர்! சரி, அது வேறு கதை. வரத்துக்கால்வாயை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தை வெட்டக் கேட்டு எத்தனை மனு கொடுத்திருப்போம், அதற்கு மெஷின் வரவில்லை. அதையும் விடுகிறேன்.

சட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது துப்பாக்கி மட்டும் இல்லை. காட்டுப் பறவையின் முட்டையை உடைப்பதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டைதான். எந்தக் கண்மாய் என்று அது கேட்பதில்லை.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பங்குனி வரை மட்டும். ஏலம் எடுத்தவருக்கு நஷ்டம் வராமல் கெடுவை நீட்டிக் கொடுங்கள், அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். அடுத்த வருஷத்திலிருந்து கார்த்திகை முதல் பங்குனி வரை வெட்டக்கூடாது என்று ஏல நிபந்தனையிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால் இன்னொரு மடல் எழுதுகிற வேலையும் எனக்கு இருக்காது.

இன்னொன்று. மூன்றில் ஒரு வக்காக் குஞ்சு இன்னும் கொட்டானில்தான் உட்கார்ந்திருக்கிறது. காட்டுப் பறவையை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்பது எனக்குத் தெரியும். எங்கே கொண்டுவந்து ஒப்படைப்பது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரன்