கையைக் காட்டுங்கள், இடம் விடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சைக்கிள் ஓட்டுகிறவர்களையும் கார் ஓட்டுகிறவர்களையும் பற்றிச் சில வாரங்களாக வந்துகொண்டிருக்கும் கடிதங்களை விடாமல் படிக்கிறேன். சைக்கிள்காரர்களுக்கு ரூல்ஸே கிடையாதா என்று ஒருவர் கேட்கிறார், கார் வைத்திருப்பவர்கள் எங்களை மனிதராகவே மதிப்பதில்லை என்கிறார் இன்னொருவர். நான் இரண்டும் ஓட்டுகிறேன், இரண்டு பேருடைய கோபமும் புரிகிறது. ஆனால் "ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகலாமே" என்று முடிகிற கடிதங்களைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இது பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்கிற விஷயம் இல்லை.

மோதினால் யாருக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். சைக்கிளும் அதன்மேல் உட்கார்ந்திருப்பவரும் சேர்ந்து பெரும்பாலும் நூறு கிலோவைத் தாண்ட மாட்டார்கள், சாதாரணக் காரே ஆயிரம் கிலோவுக்குப் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. தப்பு கார்க்காரருடையதாக இருந்தாலும் சரி, சைக்கிள்காரருடையதாக இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போவது சைக்கிள்காரர்தான். பிரிட்டனில் 2022 ஜனவரியில் சாலை விதிகளைத் திருத்தியபோது இதை வெளிப்படையாகவே எழுதிவைத்தார்கள்: யாரால் அதிகக் கேடு விளையக்கூடுமோ அவருக்கு அதிகப் பொறுப்பு. கார்க்காரர் சைக்கிளைப் பார்த்து ஓட்ட வேண்டும், சைக்கிள்காரர் நடப்பவரைப் பார்த்து ஓட்ட வேண்டும். நடைபாதையில் பெல் அடித்துக்கொண்டு பாய்கிற சைக்கிள்காரர்கள் அந்த இரண்டாவது பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலில் ஓவர்டேக், ஏனென்றால் சைக்கிள்காரர்கள் பயப்படுவது பெரும்பாலும் அதற்குத்தான். ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் குறைந்தது 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் இடைவெளி விட்டுத்தான் சைக்கிளைத் தாண்ட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பிரான்சில் ஊருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5 மீட்டர். கார் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கும்போது ஒன்றரை மீட்டர் ரொம்ப அதிகமாகத் தெரியும், ஒரு கை நீளம் போதாதா என்று தோன்றும். போதாது. சைக்கிள் நேர்கோட்டில் போகிற வண்டி இல்லை, சாயாமல் இருப்பதற்கே அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சின்னதாக அசைந்துகொண்டே இருக்கும், மேட்டில் மெதுவாக மிதிக்கும்போது அந்த அசைவு இன்னும் கூடும். அதோடு பெரிய லாரி வேகமாகத் தாண்டும்போது அதன் காற்று முதலில் சைக்கிளை வெளியே தள்ளும், லாரியின் பின்பகுதி கடந்ததும் உள்ளே இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்கிப் பிடித்தவர்களுக்குத்தான் அந்த ஒன்றரை மீட்டர் எதற்கு என்று தெரியும்.

இடம் இல்லையென்றால்? பின்னால் வர வேண்டியதுதான். இதைச் சொன்னால் உடனே "எவ்வளவு நேரம்?" என்று கேட்பார்கள், அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிற சைக்கிளுக்குப் பின்னால் 100 மீட்டர் தூரம் பொறுமையாக வந்தால் 24 நொடி ஆகும், அதே தூரத்தை 40-ல் போயிருந்தால் 9 நொடி. இழப்பு 15 நொடி. அந்தப் 15 நொடியும் பல சமயம் அடுத்த சிக்னலில் நிற்கும்போது காணாமல் போய்விடும், அங்கே பார்த்தால் நீங்கள் தாண்டிவந்த அதே சைக்கிள்காரர் பக்கத்தில் வந்து நிற்பார்.

அப்புறம் "ஓரமாகப் போகாமல் ஏன் நடுவில் வருகிறார்கள்" என்ற கேள்வி. உங்கள் கடிதப் பகுதியில் இது திரும்பத் திரும்ப வருகிறது, கேட்கிறவர்கள் பாதிப் பேர் உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறார்கள் என்று நம்புகிறேன். சாலையின் ஓரத்தில்தான் மணலும் ஜல்லியும் கண்ணாடித் துண்டும் ஒதுங்கிக் கிடக்கும், வடிகால் மூடி இருக்கும், தார் முடிந்து மண் தொடங்குகிற இடத்தில் படி மாதிரி இறக்கம் இருக்கும். கார் டயருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது, ஒல்லியான சைக்கிள் டயர் அதில் மாட்டினால் ஆளே கவிழ்வார். நின்றிருக்கும் கார்களின் வரிசையை ஒட்டிப் போனாலும் ஆபத்துதான், எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது, திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் சாலைக்குள் வரும். இன்னொன்றும் இருக்கிறது, குறுகலான சாலையில் ஒரேயடியாக ஓரத்தில் போனால் பின்னால் வருகிறவருக்கு "இந்தச் சந்துக்குள் நுழைந்துவிடலாம்" என்ற ஆசை வந்துவிடும். தெரிந்து ஓட்டுகிறவர்கள் அந்த இடத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் உள்ளே வருவார்கள். அது திமிர் இல்லை, இப்போது தாண்டாதீர்கள் என்று சொல்கிறார்கள், சாலை அகலமானதும் தாங்களே ஒதுங்கிவிடுவார்கள்.

கதவைப் பற்றிச் சொன்னதால் ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். காரிலிருந்து இறங்கும்போது கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கையால் திறக்காமல், தூரத்தில் இருக்கும் கையை நீட்டித் திறங்கள். அப்படிச் செய்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் தானாகப் பின்னால் போகும், வருகிற சைக்கிள் தெரியும். இதற்கு டச்சு ரீச் என்று பெயர், பிரிட்டனின் 2022 திருத்தத்தில் இதுவும் சேர்ந்தது. செலவே இல்லாத விஷயம். பின் சீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள், ஏனென்றால் ஓட்டுநர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பின் கதவைத் திறப்பவர் பார்க்காமல் திறந்தால் பயன் இல்லை.

ஹாரனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிளுக்கு மிக அருகே, முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்தால் அவர் பதறுவார், பதறினால் ஹேண்டில்பார் ஆடும், ஆடினால் நீங்கள் எந்தப் பக்கம் தாண்ட நினைத்தீர்களோ அந்தப் பக்கமே சாய்வார். தேவையென்றால் தூரத்திலிருந்தே ஒரு முறை சின்னதாக அடியுங்கள். இரவில் எதிரே சைக்கிள் வந்தாலும் ஹைபீமைக் குறையுங்கள், எதிரே கார் வந்தால் மட்டும் குறைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஹெல்மெட் போட்டிருந்தாலும் கண்ணுக்கு எந்தத் தடுப்பும் இல்லாத ஆள் அவர், இரண்டு மூன்று நொடிக்குச் சாலையே தெரியாமல் மிதிக்கிறார்.

இனி சைக்கிள்காரர்களுக்கு. பொறுப்பு அவர்களுக்குக் குறைவு என்று சொன்னேனே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: என்ன செய்யப்போகிறீர்கள் என்பது மற்றவருக்குத் தெரியும்படி ஓட்டுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரே நொடியில் 14 மீட்டர் வந்துவிடும், பார்த்துப் புரிந்து பிரேக்கில் கால் வைக்கவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். அந்த நொடியைக் கொடுப்பது உங்கள் கை. திரும்புவதற்கு முன்னால் தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள், கையை நீட்டிக் காட்டுங்கள், திரும்புகிற அந்த நொடியில் இல்லை, கொஞ்சம் முன்னாலேயே. நின்றிருக்கும் இரண்டு கார்களுக்கு இடையே உள்ளே போய், அடுத்த காருக்கு வெளியே வந்து, மறுபடி உள்ளே போகாதீர்கள், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் தோன்றித் தோன்றி மறைகிறீர்கள். இருட்டில் விளக்கில்லாமல் போவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது, முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, அவ்வளவுதான். எதிர்த்திசையில் வருவதும் அப்படித்தான், பக்கத்துச் சாலையிலிருந்து சேருகிற ஓட்டுநர் வண்டி வருகிற பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார், நீங்கள் அவர் பார்க்காத பக்கத்திலிருந்து வருகிறீர்கள். இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களிடம் கோபமாக இல்லை, வருத்தமாகவே சொல்கிறேன், பின்னால் வருகிற வண்டியை உங்களுக்குச் சொல்வதற்குக் கண்ணாடி இல்லை, காது மட்டும்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியம், சிக்னலில் நிற்கும் லாரிக்கும் நடைபாதைக்கும் இடையே உள்ள இடைவெளியில் புகாதீர்கள். இடது பக்கம் ஓட்டும் நாடுகளில் அது லாரியின் இடது பக்கம், ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் அவருக்கு முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள் தெரிவதே இல்லை. பச்சை விழுந்து லாரி அந்தப் பக்கம் திரும்பும்போது அதன் பின் சக்கரம் முன் சக்கரம் போன வழியில் போகாது, உள்பக்கமாக வெட்டி ஓரத்தை ஒட்டி வரும். நகரங்களில் சைக்கிள்காரர்கள் உயிரிழக்கும் விபத்துகளில் இந்த வகை ஏராளம். அவருடைய சைடு மிரரில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை, பின்னாலேயே நில்லுங்கள்.

கடைசியாக, யாரும் எழுதாத ஒன்று. அளவுக்கு மீறிய மரியாதையும் ஆபத்துதான். நல்ல மனதோடு நடு ரோட்டில் காரை நிறுத்தி, "நீங்கள் போங்க" என்று சைக்கிள்காரருக்குக் கையாட்டுகிறவர்கள் உண்டு. அடுத்த தடத்தில் வருகிறவருக்கு அது தெரியாது, நின்ற கார் மறைத்திருப்பதால் சைக்கிளும் தெரியாது. கையாட்டலை நம்பிக் கடந்தவர் நேரே அவர் முன்னால் வந்து நிற்பார். யாருக்கு முன்னுரிமையோ அவர் போகட்டும், நீங்கள் வேகத்தைக் குறைத்தால் போதும், மீதியைச் சைக்கிள்காரர் பார்த்துக்கொள்வார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதுவரை வந்த கடிதங்களில் கார் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், பஸ்ஸும் லாரியும் ஓட்டுகிறவர்கள் ஒருவர்கூட இல்லை. அந்த உயரத்திலிருந்து என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை, சைக்கிள்காரர் எங்கே நின்றால் அவர்களுக்கு வசதி என்று அவர்களையே கேட்டு வெளியிடுங்கள். எழுத நேரமில்லையென்றால் உங்கள் நிருபர் ஒருவர் போய்ப் பேசி எழுதினாலும் சரி.

வணக்கத்துடன்,
இரண்டும் ஓட்டும் ஒரு வாசகர்